பசி என்ன புண்ணா?

இன்று காலை தேக்கா சந்தையில் தோசைக் கடைக்காரப் பெண், "ஐயா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். கையில் கோப்பியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சந்தில், ஒற்றை அறையில் இருந்தோம். பசியாறுவது என்றால் எங்கள் சந்தில் காலைச் சாப்பாடு. நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த சொல் என்பார்கள். கரியடுப்புப் புகைக்கு நடுவே அம்மா எங்களை எழுப்புவதே அந்தச் சொல்லால்தான்.

ஒருநாள் என் தமிழாசிரியர் வீட்டுக்கு வந்தார். "வாங்க சார், பசியாறுங்க," என்று அம்மா ரொட்டித் தட்டை நீட்டினாள்.

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய திமிர் எனக்கு. "பசி என்ன புண்ணாம்மா, ஆறுறதுக்கு? காலை உணவுன்னு சொல்லு," என்றேன்.

ஆசிரியர் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். போரில் ஜப்பான்காரன் இந்த ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் மரவள்ளிக்கிழங்குகூடக் கிடைக்காமல் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தவள் அவள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

மறுநாளிலிருந்து என்னிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். தங்கையிடம் மட்டும், "பசியாறிட்டியா கண்ணு?" என்றாள். சாகும்வரை அப்படித்தான். அந்தச் சொல்லை எனக்குத் திருப்பிக் கொடு என்று நானும் ஒருநாள் கேட்கவில்லை.

கடைக்காரப் பெண் பதிலுக்குக் காத்திருந்தாள். மருமகள் வைத்த நான்கு இட்லியைத் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"இன்னும் இல்லம்மா," என்றேன்.