பென்சில் வட்டத்துக்குள் ஒன்றுமில்லை

என் பீரோவில் உள்ளங்கையளவு பழுப்புத் தாள் ஒன்று இருக்கிறது. அதில் பென்சிலால் போட்ட நான்கு வட்டங்கள். மூன்றுக்குள் ஒன்றுமே இல்லை. நான்காவதில் மட்டும் காய்ந்த பசைபோல ஒரு பளபளப்பு. "குப்பையில போடவாம்மா?" என்று மகள் கேட்டபோது பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். மகள் நடை பழகிய வருடம் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பல நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தேன். மறுவருடமே அது திரும்ப வந்தது. மூன்றாம் தடவை இடது காதைக் கொண்டுபோனது. இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னது மிச்சமிருந்த காதில் தெளிவாகவே விழுந்தது. மகளை யார் வளர்ப்பார்கள் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது யாருக்கும் பிடிபடவில்லை. "மூக்கு ஒழுகுமா?" என்று டாக்டர் கேட்கத்தான் செய்தார். "பட்டாசு வேலைங்கய்யா, எங்க ஊர்ல யாருக்குத்தான் ஒழுகல?" என்று நானே சிரித்து அந்தக் கதவைச் சாத்திவிட்டேன்.

எங்கள் அறையின் சூப்பர்வைசர் அக்காவை யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான். லேபிள் நூலிழை கோணினாலும் கத்துவாள். "ஏ புள்ள, ஒன் லேபிள் மட்டும் அங்கங்க ஊறி உரியுது. என்னத்த ஒட்டுத?" என்று ஒருநாள் வந்து நின்றாள். மூக்கிலிருந்து சொட்டுகிறது என்றேன். அரைநாள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். பிறகு என்னைத் திட்டுவதையே விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மழைக்குக் கம்பெனி பூட்டிய நாளில் வீடு தேடி வந்து, "குனி" என்றாள். குனிந்தேன். விழுந்த மூன்று சொட்டையும் தாளில் பிடித்து, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டாள். அவளுக்கும் அன்று ஜலதோஷம். தன் சளியை நான்காவதாக வைத்தாள். காய்ந்ததும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"சளின்னா பசை மாதிரி பொருக்கா நிக்கும். ஒன்னோடது தண்ணியாப் போயிருச்சு. அதுவும் ஒத்த மூக்குல, குனிஞ்சாத்தான். வேலையில்லாத நாள்லயும் வருதே. இது தூசி இல்ல, புள்ள."

தீபாவளி ஆர்டர் நெருக்கிய சீசனில் லீவு போட்டு என்னை மதுரைக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்த மூக்கு டாக்டர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். குனியச் சொல்லி, சொட்டைக் குப்பியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார். அது மூளையைச் சுற்றியிருக்கும் நீராம். சின்ன வயதில் நான் தலைகுப்புற விழுந்த அடியில் மூக்குக்கு மேலே எலும்பில் ஊசித்துளை விழுந்திருக்கிறது. நீர் கசிந்த வழியாகவே கிருமி மேலே ஏறியிருக்கிறது. தொடையிலிருந்து சதை எடுத்து அடைத்தார்கள். "லேபிள் ஒட்டுதவளுக்கே ஒட்டுப் போட்டுட்டாகளே!" என்று அக்கா சிரித்தாள். பிறகு அந்தக் காய்ச்சல் வரவேயில்லை.

போன தீபாவளிக்கு அந்தத் தாளோடு விஸ்வநத்தத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு இப்போது பார்வை மங்கல். காலைத் தொட்டால் திட்டுவாள் என்பதால் சும்மா நின்றேன். தாளை மடியில் விரித்துத் தடவியவள், அன்றுபோலவே "குனி பாப்போம்" என்றாள். குனிந்தேன். தாளில் ஒரு சொட்டு விழுந்தது.

அக்கா பதறி என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பக்கம், புள்ள?"

"ரெண்டு பக்கமுந்தான் யக்கா. மூக்கு இல்ல, கண்ணு."