கணினியில் வராத கைகள்

ஆளைப் பார்க்காமல் அவருடைய நோயை மட்டும் எண்ணுவதுதான் என் தொழில். 2006-ல், பட்டாசுத் தீயில் வெந்தவர்களுக்கு எத்தனை முறை பிசியோதெரபி கிடைக்கிறது என்று அரசுச் சுகாதாரப் பதிவுகளைப் பார்த்துச் சொல்லும்படி விருதுநகரில் ஓர் அறையில் என்னை உட்கார வைத்தார்கள். பட்டியலோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் நண்பர்களே, அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சுத்துணை

காலையில் கடையில் "ஒரு டீ" என்று சொன்னதோடு சில நாள் என் பேச்சு முடிந்துவிடும். தனிமை தாங்காமல் பதிவில் உள்ள பெயர்களைச் சத்தம்போட்டுப் படிப்பேன். "அச்சங்குளம் மாரியம்மாள், ரெண்டு கையும்!" அறை பெருக்க வரும் அக்கா ஒருநாள் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தார்.

"உள்ள யாரோ வந்திருக்காகன்னுல்ல சார் நெனச்சேன்!"

வராதவர்கள்

காலில் காயம் பட்டவர்களுக்குப் பத்து, பன்னிரண்டு முறை என்று பதிவாகியிருந்தது. இரண்டு கையும் வெந்தவர்கள் அத்தனை பேருக்கும் பூஜ்யம். பட்டாசு ஆலையில் சீசன் நேரம், லீவு கிடைத்திருக்காது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, 'கைப் பயிற்சிக்கு யாரும் வருவதில்லை' என்று அறிக்கை அனுப்பிவிட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் அல்லவா? மேலதிகாரி உடனே போன் செய்தார்.

"அப்ப கைக்குன்னு தனியா ஒரு பிசியோதெரபிஸ்ட் எதுக்கு? அடுத்த மாசத்தோட நிறுத்திருவோம்."

நோட்டு

ஒருவர் வேலை போகப்போகிறது என்றதும் நேரில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். சாத்தூர்ப் பக்கம் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். பெஞ்சு நிறையப் பெண்கள், வெந்து விறைத்த விரல்களோடு. பிசியோதெரபிஸ்ட் ரஹ்மத், சாத்தூர்க்காரப் பெண், ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்கிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் பெயரெல்லாம் அவர் நோட்டில் இருந்தது. ஆனால் கையெழுத்தோ ரேகையோ இருந்தால்தான் கணினியில் ஏற்றலாம் என்பது விதி. ரேகையும் வெந்துபோயிருந்தது.

"விரல் மடங்குனாத்தான சார் பேனா பிடிப்பாக? மடங்கிருச்சுன்னா எங்கிட்ட எதுக்கு வாறாக?"

மாரியம்மாள்

அங்கிருந்தே மேலதிகாரிக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். நோட்டை முழுதாக நகலெடுத்து அனுப்பினால் வேலையை நிறுத்தவில்லை என்றார். நான் போனை வைத்தபோது, எட்டு மாதமாக வந்துகொண்டிருந்த ஒரு பெண் முதல்முறையாகப் பேனா பிடித்துக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். இனி வர வேண்டாம் என்று ரஹ்மத் சொல்ல, பெஞ்சே சிரித்தது. நான் கையெழுத்தை எட்டிப் பார்த்தேன். சொந்தக்காரரைக் கண்டதுபோல என்னையறியாமல் கத்திவிட்டேன், "அச்சங்குளம் மாரியம்மாளா? ரெண்டு கையும்!" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரெல்லாம் சொல்லுதீக, நீங்க யாரு தம்பி? ஒங்கள எங்கனயும் பாத்ததில்லையே?"

கணினிக் கணக்குப்படி மாரியம்மாள் சிகிச்சைக்கு வந்தது ஒரே ஒரு நாள், அதுவும் இனி வர வேண்டாம் என்று சொன்ன நாள். அந்த வருஷம் முழுக்க என் பட்டியலில் இருந்து ஒருவர் என்னிடம் பேசியதும் அந்த ஒரு நாள்தான்.