பட்டுக்கடைக்குப் போன காந்தம்

எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு அறிவியல் செய்து காட்டுகிறவள் காலையில் எந்த நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாலும், சாயங்காலம் வேறு நிறத்தில்தான் வீடு வந்து சேருவாள். மடியில் கலர் தண்ணீர், தலையில் மைதா மாவு, கைப்பைக்குள் எந்தக் குட்டிச்சாத்தானோ போட்ட கூழாங்கல் என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் பள்ளி காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துப் பக்கம். வகுப்பில் பாதிப் பேர் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கோயில்காரர் வீட்டுப் பிள்ளைகளும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை நான் சண்டை போட்டுத்தான் வாங்கினேன். புத்தகம் கிடையாது, பென்சில் கிடையாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வாரம் முழுக்க அ, ஆ, ஏ, பி என்று கத்தித் தொண்டை கட்டிப்போன எனக்கு அந்த ஒரு பீரியட்தான் உயிர். அதைப் பிடுங்கிவிட்டால் வேலைக்கே போகப் பிடிக்காது என்ற நிலைமைக்கு வந்திருந்தேன்.

பிடுங்கத்தான் பார்த்தார்கள். எங்கள் தாளாளர் அம்மா நல்லவர்தான், ஆனால் பெற்றோர் முகம் கோணினால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "டெர்ம் கடைசில பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்குது. அதுல நல்லா இருக்குதுன்னு சொன்னாங்கன்னா உன் பீரியட் இருக்கும். இல்லன்னா ஹேண்ட்ரைட்டிங்குக்குக் குடுத்துடுவேன்மா, அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

சாக்கடைக் கலர்

முதல் வாரம் கலர் தண்ணீர். இணையத்தில் வீடியோ பார்த்து, கண்ணாடி டம்ளர் எல்லாம் வாங்கி, கோலாகலமாக ஆரம்பித்தேன். சிவப்பில் மஞ்சளை ஊற்றி, "இது என்ன கலர்?" என்றேன். ஆரஞ்சு என்று கோரஸாகச் சொல்வார்கள் என்று பார்த்தால், "கனகாம்பரம் மிஸ்!" என்றது ஒன்று. "ஏய், மாம்பழம்டா!" என்றது இன்னொன்று. "செங்கல்லு!" என்று மூன்றாவது எழுந்து நின்றது. பாப்பா, பாப்பா என்று நான் கெஞ்சக் கெஞ்ச, கனகாம்பரக் கட்சிக்கும் மாம்பழக் கட்சிக்கும் அடிதடி. புடவைக் கலரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஆரஞ்சு என்று சொன்னால் எடுபடுமா?

சமாதானத்துக்காகச் சிவப்பையும் பச்சையையும் கலந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். டம்ளரில் கருப்பும் இல்லாமல் காவியும் இல்லாமல் ஒரு கண்றாவி. கவின் என்று ஒரு பையன், அவன் வீட்டில் தறி ஓடுகிறது. நெடுக்கே ஓடும் பாவு நூல் சிவப்பாகவும், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சையாகவும் போட்டால் புடவை இந்தப் பக்கம் ஒரு கலர், அந்தப் பக்கம் ஒரு கலர் என்று மின்னுமே, அதைத் தினமும் பார்க்கிறவன். டம்ளருக்குள் மூக்கை விட்டுப் பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். ரொம்பப் பரிதாபத்தோடு கேட்டான்: "எங்கப்பா செவப்பும் பச்சையும் போட்டா பொடவை ஆவுது. நீங்க போட்டா மட்டும் ஏன் மிஸ் சாக்கடை ஆவுது?"

வாளிக்குள் வரதர்

அடுத்தது மிதக்குமா, முங்குமா. ஒரு பெரிய வாளித் தண்ணீர். ஆணி முங்கியது, ரப்பர் பந்து மிதந்தது, சாக்குக்கட்டி முங்கி, கரைந்து, வாளியைப் பால் வியாபாரம் ஆக்கியது. மரப்பொம்மையைப் போட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். "மரம்னா மிதக்கும்!" என்று நானும் சேர்ந்து கத்தினேன். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வரும் ரங்கா மட்டும் தட்டவில்லை. அவன் அப்பா கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். "அப்போ அத்தி வரதர் மரம்தானே மிஸ்? அவர் ஏன் மிதக்கலை?" என்றான்.

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை குளத்திலிருந்து வெளியே வரும் பெருமாள். கடைசியாக வந்தபோது இவன் பிறக்கவே இல்லை. ஊரே கூடி நின்ற கதையை வீட்டில் கேட்டிருக்கிறான். நான் அவசரமாக ஒரு கல்லை எடுத்துப் பொம்மையின்மேல் கட்டி, "மேலே கனமா ஏதாவது இருந்தா முங்கிடும்டா கண்ணு" என்று காட்டினேன். பொம்மை முங்கியது. ரங்காவின் முகமும் சேர்ந்து முங்கிவிட்டது. "பெருமாளுக்கு வலிக்காதா மிஸ்?" என்று கண்ணில் தண்ணீரோடு கேட்டான். சாமி விஷயத்தில் கை வைத்துவிட்டோமே, சும்மா விடுவார்களா?

திங்கட்கிழமை காலையில் ரங்காவின் அப்பா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார். நெற்றி நிறைய திருமண். வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டில் கரண்டி, சார்ஜர், மட்டைத் தேங்காய், அவருடைய மூக்குக் கண்ணாடி எதுவும் வாளிக்குத் தப்பவில்லை என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெருமாளுக்கு வலிக்கறதா இல்லையான்னு நான் பாத்துக்கறேன் மிஸ். அந்த மட்டைத் தேங்காய் அவ்வளவு கனமா இருந்துண்டு எப்படி மிதக்கறதுன்னு மட்டும் சொல்லிடுங்கோ, எனக்கே பிடிபடலை" என்றார்.

வெந்தயத்துக்கு வேர்

வெந்தயம் விதைத்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி, கொஞ்சம் மண், ஒரு சிட்டிகை வெந்தயம். தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். காத்திருக்கிற வயசா அது? தினமும் காலையில் வந்ததும் ஒவ்வொரு முளையையும் பிடுங்கி, வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, பத்திரமாகத் திரும்ப நட்டுவிடுவார்கள். வாரக் கடைசியில் அத்தனையும் சுருண்டு படுத்துவிட்டது. கவின் வீட்டிலும் விதைத்து, அங்கேயும் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் அம்மா கேட்டைத் தாண்டும் முன்பே என்னைப் பிடித்துக்கொண்டார். "'ஏ'வுக்குக் குறுக்குக் கோடு போடத் தெரில, வெந்தயத்துக்கு வேரு வந்துச்சான்னு பாத்துக்கினு இருக்கான். இது அடுக்குமா மிஸ்? மீட்டிங்ல கேக்கத்தான் போறேன்!"

"ஒட்டலப்பா!"

அதுவரை நடந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. காந்தப் பாடம்தான் என் தலையில் கல்லைப் போட்டது. பழைய ஸ்பீக்கர்களிலிருந்து கழற்றிய வளையக் காந்தங்களை ரிப்பேர் கடையில் வாங்கி வைத்திருந்தேன். வாய்க்குள் போட முடியாத அளவுக்குப் பெரிசு, அதனால் பயமில்லை. இரண்டு கூடை. காந்தத்தில் ஒட்டுகிற பொருள் ஒரு கூடையில், ஒட்டாதது இன்னொன்றில். ஏதாவது ஒட்டிவிட்டால் உற்சாகமாகக் கை தட்டினோம். ஒட்டாவிட்டால் "அய்யய்யோ!" என்றோம். சும்மா ஒரு கலகலப்புக்கு. யாழினி என்கிற வாலு, "வீட்ல செஞ்சி பாக்கறேன் மிஸ்" என்று ஒரு காந்தத்தை வாங்கிக்கொண்டு போனாள். இவ்வளவு ஆர்வமா என்று நான் பூரித்துப் போனேன்.

யாழினியின் அப்பாவுக்கு காந்தி ரோட்டில் பட்டுக்கடை. ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க் கல்யாணக் கூட்டம் ஒன்று வந்து, முகூர்த்தப் புடவையை விரித்துப் போட்டு, ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். அப்போது இவள் பாய்மேல் ஏறி உட்கார்ந்து, ஜரிகைமேல் காந்தத்தை வைத்திருக்கிறாள். தங்கமும் வெள்ளியும் காந்தத்தில் எங்கே ஒட்டும்? ஒட்டவில்லை. கை தட்டினால் பாஸ், அய்யய்யோ என்றால் ஃபெயில் என்பதுதானே நாம் சொல்லிக்கொடுத்த லட்சணம்! அடுத்த புடவை, அதற்கடுத்த புடவை என்று எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்துவிட்டு, கடை அதிரக் கத்தியிருக்கிறாள்: "அப்பா, ஒட்டலப்பா! அய்யய்யோ, எல்லாப் பொடவையும் ஃபெயிலு!" கல்யாணக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, யோசித்துவிட்டு வருகிறோம் என்று செருப்பை மாட்டிவிட்டார்கள்.

மறுநாள் யாழினியின் அப்பா பள்ளிக்கு வந்தார். காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு விளக்கினேன்: காந்தத்தில் இரும்புதான் ஒட்டும், ஒட்டவில்லை என்றால் அதில் இரும்பு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், உங்கள் ஜரிகைக்கு ஒரு குறையும் இல்லை. "ஓஹோ" என்றார். என்னவோ யோசித்தார். காந்தத்தைத் திரும்பத் தராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற தாளாளர் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், என் பீரியடுக்கு அவர் மனசுக்குள் மாலை போட்டுவிட்டது தெரிந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. வாசல் வரை போனவர் திரும்பிச் சொன்னது காதிலேயே நின்றுகொண்டிருந்தது: "எதிர்க் கடைக்காரங்க எத்தினியோ வேலை பண்ணிப் பாத்தாங்க மிஸ், என்னைக் கவுக்க முடியல. நீங்க ஒரு காந்தத்தக் குடுத்துக் கவுத்துட்டீங்க."

மீட்டிங்

பெற்றோர் கூட்டத்தன்று பெரியவர்கள் எல்லோரும் எல்.கே.ஜி. நாற்காலிகளில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கவின் அம்மா எழுந்தார். கையெழுத்துதான் முக்கியம், விளையாட்டை வீட்டிலேயே விளையாடிக்கொள்ளலாம் என்றார். நாலைந்து தலைகள் ஆடின. ரங்காவின் அப்பா, "தேங்காய் விஷயம் நன்னாத்தான் இருந்தது" என்று முணுமுணுத்தார், அது பக்கத்து நாற்காலிக்கே கேட்கவில்லை. அப்புறம் யாழினியின் அப்பா, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தார். முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்தப் பாடம் கண்டிப்பா இருக்கணும்" என்றார் அவர். எனக்குக் காதில் விழுந்தது நிஜமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். "இப்ப கஸ்டமர் வந்தா நானே இதை எடுத்து ஜரிகை மேல வெக்கிறேன். பாருங்க, ஒட்டலை, அதனால சுத்த வெள்ளி ஜரிகைன்னு சொல்றேன். ஜனங்க அசந்து போறாங்கபா! எல்லாம் மிஸ் சொல்லிக்குடுத்தது." சபையே கை தட்டியது. தாளாளர் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று நான் எப்போது சொன்னேன்? செம்புக் கம்பி சுற்றின மட்ட ஜரிகையிலும்தானே ஒட்டாது? சும்மா இருந்தால் பீரியட் பிழைக்கும். ஆனால் இந்த வாய் சும்மா இருந்த வாயா? "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் தாளாளர் அம்மா என் காலை நறுக்கென்று மிதித்தார்.

நான் வாயை மூடினேன், யாழினி திறந்தாள். "செம்புலயும் ஒட்டாதுப்பா! பூஜைச் செம்புல வெச்சிப் பாத்தேன். சாக்லேட் பேப்பர்லயும் ஒட்டாது, செருப்புலயும் ஒட்டாது. அப்ப செருப்பு வெள்ளியாப்பா?"

பாதிப் பேர் நெசவுக்காரர்கள், மீதியில் முக்கால்வாசி வியாபாரிகள். புரியாமல் இருக்குமா அவர்களுக்கு? அப்புறம் கவின் அம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "என் ஜரிகை நல்ல ஜரிகைதான், அது வேற விஷயம்" என்றார். மகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் கோபம் எப்போது பெருமையாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, மாறியதைக் கண்ணால் பார்த்தேன். காந்தத்தை மகளின் கையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "என்கிட்ட இருந்தா இது யாவாரம்தான் பண்ணும் மிஸ். இவகிட்டயே இருக்கட்டும். எழுத்தெல்லாம் எப்படியும் வந்துடும், இந்தக் கேள்விய வீட்ல யாரு சொல்லிக்குடுக்கிறது?"

அதற்குமேல் ஓட்டெடுப்பு தேவைப்படவில்லை. கவின் அம்மா கூட, "வெந்தயம் மட்டும் வேணாம்" என்று நிபந்தனையோடு இறங்கி வந்தார். எல்லோரும் போன பிறகு தாளாளர் அம்மா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "வெள்ளிக்கிழமை பீரியடு உனக்குத்தான், எடுத்துக்கோ. ஆனா இனிமே எதையும் வீட்டுக்குக் குடுத்து அனுப்பாத தாயே, ஊருல நானும் கடை கண்ணிக்குப் போயாவணும்!"

சகோதரிகளே, பாலர் வகுப்பில் அறிவியல் எடுப்பது ரொம்பச் சுலபமான வேலைதான், பிள்ளைகளுக்கு அது புரியாத வரைக்கும்.