தரையைத் தட்டிக் கூப்பிட்ட அணி

1974ஆம் ஆண்டு, மெல்பேர்ணில் ஒரு குளிர்காலம். அங்கே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என் கணவருக்குக் கணித விரிவுரையாளர் வேலை கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

கல்லூரியில் பெண்களுக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. கணிதம் படிப்பிப்பவர் என்றால் கூட்டலில் பிழை விடமாட்டார் என்று யாரோ முடிவு செய்து, புள்ளி குறிக்கும் மேசையில் இவரை இருத்திவிட்டார்கள். பந்தைக் கையால் தொட்டறியாத மனிதர். சனிக்கிழமை பின்னேரங்களில் இவர் போய்விட்டால் நான் வீட்டில் பிள்ளையோடு தனியே இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற பயத்தில்தான் நானும் கூடப் போகத் தொடங்கினேன். விளையாட்டில் எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

தகரக் கூரை போட்ட பெரிய மண்டபம் அது. தரை முழுவதும் பலகை. சப்பாத்துகள் கீச்சிடும், பந்து அதிரும், நடுவரின் விசில் காதைக் கிழிக்கும். ஆட்டம் முடியும்போது ஒரு சைரன் அடிக்கும். முதல் நாள் அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்தே விட்டேன். மகளோ தள்ளுவண்டியில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோருக்கும் அது அதிசயமாக இருந்தது. விளையாடுகிற பிள்ளைகள் வியர்வையோடு ஓடிவந்து எட்டிப் பார்ப்பார்கள். இவ்வளவு நல்ல குழந்தையைக் கண்டதில்லை, இவள்தான் எங்கள் அணியின் முதல் ரசிகை என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் புது ஊரில் என்னைப் பிறர் மெச்சிய ஒரே விஷயம் அதுதான்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. குசினியில் நின்று கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள். முகத்துக்கு நேரே போனால் வாய் நிறையச் சிரிப்பாள். இவரிடம் சொன்னேன்.

"நீர் எல்லாத்துக்கும் பயப்பிடுறீர். போன மாதம் பிள்ளைக்குத் தலை பெரிசு எண்டீர். அதுக்கு முதல் வாக்குக் கண் எண்டீர்."

"இது அப்பிடியில்லையப்பா."

"அதுகளுக்கும் இப்பிடித்தான் சொன்னனீர்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்த இரண்டு பயத்துக்கும் தாய்சேய் நிலையத்துக்கு ஓடிப் போய், அங்கிருந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிய ஆள்தான் நான். மூன்றாம் முறையும் போய் நிற்க வெட்கமாக இருந்தது. ஒன்றை மட்டும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மகள் என் வயிற்றில் இரண்டு மாதமாக இருந்தபோது எனக்கு ஜேர்மன் சின்னமுத்து வந்தது. உடம்பில் கொஞ்சம் சிவப்புப் புள்ளிகள், லேசான காய்ச்சல், பிறகு போய்விட்டது. அது வயிற்றுப் பிள்ளையின் காதைப் பாதிக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததை நினைப்பேன், பிறகு இது என் வழமையான பயம்தான் என்று தள்ளிவிடுவேன்.

அணியில் எட்டாம் இலக்கச் சட்டை போட்ட ஒரு பிள்ளை இருந்தாள். இருபது வயதிருக்கும். ஒரு சனிக்கிழமை கணுக்கால் சுளுக்கி, விளையாட முடியாமல், காலில் ஐஸ் கட்டிக்கொண்டு, நான் இருந்த நீள மர வாங்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று மகள் விழித்திருந்தாள். வாங்கின் ஓரமாகத் தரையில் என் கம்பளிச் சால்வையை விரித்து அதில் இருத்தியிருந்தேன். இடைவேளைச் சைரன் எங்கள் தலைக்கு நேர் மேலே அடித்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டது. மகள் மரவளையத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுபாதி தொடங்கியதும் பந்து எங்கள் பக்கம் வந்தது. மகள் விளையாட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் வளையத்தைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் பலகையில் ஊன்றித் திரும்பிப் பந்தைத் தேடினாள். எட்டாம் இலக்கக்காரி ஆட்டத்தைப் பார்க்கவில்லை. என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒன்று செய்து பார்க்கட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மகளின் பின்னால் மெல்ல மண்டியிட்டுக் கைதட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள். மகள் திரும்பவில்லை. பிறகு உள்ளங்கையால் தரையில் ஓங்கி அறைந்தாள். மகள் உடனே திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

எட்டாம் இலக்கக்காரி சிரிக்கவில்லை. "என் தம்பியும் இப்படித்தான். தரையை உதைத்துத்தான் அவனைக் கூப்பிடுவோம். அவனுக்கு மூன்று வயதாகும்வரை அம்மா பொறுத்துப் பார்த்தார். நீங்கள் பொறுத்திருக்காதீர்கள்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையைச் சால்வையோடு வாரி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். மேசையிலிருந்து இவர் பாதி எழுந்து, ஆட்டம் நடந்துகொண்டிருந்ததால் மறுபடி உட்கார்ந்ததைக் கண்டேன்.

இவர் வீட்டுக்கு வந்தபோது நான் மகளோடு குசினித் தரையில் இருந்தேன். சுற்றிவரச் சட்டி, பானை, கரண்டி எல்லாம் கிடந்தன.

"என்னப்பா இது?"

"நீங்கள் ஒருக்காக் கூப்பிட்டுப் பாருங்கோ. உங்கட குரலுக்காவது திரும்புறாளோ பாப்பம்."

கதவடியில் நின்றபடியே மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு உரத்துக் கூப்பிட்டார். பிறகு ஒரு பானை மூடியைக் கையில் தூக்கிக் கரண்டியால் அடித்தார். அவள் எதற்கும் திரும்பவில்லை. குளிர் அங்கியைக் கழற்றாமலே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார். நான் பயப்படுகிறேன் என்று அதற்குப் பிறகு அவர் என்னிடம் சொன்னதேயில்லை.

ஆஸ்பத்திரிக்கு எட்டாம் இலக்கக்காரியும் நொண்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் கேட்கவில்லை, விஷயம் கேள்விப்பட்டு அவளாக வந்தாள். ஒருவர் முன்னால் பொம்மை காட்ட, இன்னொருவர் பின்னால் மணியும் கிலுகிலுப்பையும் ஆட்டினார். மகள் பொம்மையையே பார்த்தாள். வைத்தியர் வேகமாகச் சொன்ன ஆங்கிலத்தை அவள் எனக்கு நிதானமாகத் திருப்பிச் சொன்னாள். இரண்டு காதும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தன. ஆனாலும் இந்த வயதிலேயே காதுக் கருவி பூட்டினால், மிஞ்சியிருக்கிற கொஞ்சக் கேட்கும் சக்தியை வைத்துப் பேசப் பழக்கலாமாம். பிந்தியிருந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் மண்டபத்துப் பக்கம் போகவில்லை. நல்ல குழந்தை என்று கொஞ்சியவர்கள் பாவம் என்று பார்ப்பார்களே என்று இருந்தது. எட்டாம் இலக்கக்காரி வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"எங்கள் முதல் ரசிகை வராததால் தோற்றுக்கொண்டிருக்கிறோம்."

"அவள் வந்தபோதும் தோற்றீர்கள்" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு வந்த சிரிப்பு அது.

அடுத்த சனிக்கிழமை போனேன். மகளின் நெஞ்சில், காதுக்குக் கம்பி போகும் கருவிப் பெட்டி வார் போட்டுக் கட்டியிருந்தது. பழையபடி சால்வையில் இருத்தினேன். அவள் ஆட்டக்களத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு என் சப்பாத்து நாடாவை இழுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் தொடங்குமுன் அணி முழுவதும் எங்கள் பக்கக் கோட்டுக்கு வந்து வரிசையாக மண்டியிட்டது. எல்லோரும் ஒன்றாக, இரண்டு கைகளாலும் தரையில் அறைந்தார்கள். என் கால் வழியாக அந்த அதிர்வு ஏறியது. மகள் நாடாவை விட்டாள். உடம்பு முழுவதும் திரும்பி, அந்த முகங்களைக் கண்டு சிரித்தாள்.

எதிரணிக்காரர் தங்களைப் பயமுறுத்தத்தான் இது என்று எண்ணி நடுவரிடம் முறையிட்டார்கள். அப்படியொரு தடை விதிகளில் இல்லையே என்று அவர் விட்டுவிட்டார். அன்றைக்கும் நாங்கள் தோற்றோம். "விடாதேங்கோ பிள்ளையள், விடாதேங்கோ" என்று நான் தமிழில் கத்தியது கேட்டு, மேசையில் இருந்த இவர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

ஐந்து வருடங்கள் ஓடிவிட்டன. எட்டாம் இலக்கக்காரி தூரத்தில் ஒரு நாட்டுப்புறப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். கல்லூரி அணி என்பதால் பழைய பிள்ளைகள் ஒருவரும் இப்போது இல்லை. இவர் இன்னும் அதே மேசையில் இருக்கிறார். மகள் சில சொற்கள் பேசுகிறாள். அந்நியருக்கு அவை விளங்காது, எனக்கு விளங்கும். எனக்கு அந்தக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால், நான் கொஞ்சம் முந்திப் போயிருந்தால் என்ற கேள்விகள் இன்னும் என்னை விடவில்லை. விடும் என்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமைகளில் மகள் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, வெறுங்காலோடு கோட்டோரம் போய் நிற்பாள். புதிய பிள்ளைகள் மண்டியிட்டுத் தரையில் அறைவார்கள். எதற்காக என்று அவர்களுக்குத் தெரியாது. முன்னே விளையாடியவர்கள் செய்தார்கள், இவர்களும் செய்கிறார்கள். நானும் சொன்னதில்லை. நான் எத்தனையோ தரம் பின்னால் நின்று கூப்பிட்டும் திரும்பாத என் மகளைத் திரும்ப வைத்தவர்கள் இந்த அணிப் பிள்ளைகள். வென்றாலும் தோற்றாலும், என் ஆயுளுக்கும் நான் இருக்கப்போவது அவர்கள் பக்கத்து வாங்கில்தான்.