அக்கா கைக்கு மச்சான் போட்ட கோடு

எங்கள் மச்சான் பத்துமலை மட்டும் அன்றைக்குக் கம்பார் ரோட்டில் குறுக்கே நின்றிருந்தால், ஜப்பான்காரன் வந்த சைக்கிளை அப்படியே திருப்பிக்கொண்டு கடல் தாண்டித் தன் ஊருக்கே போயிருப்பான். வெள்ளைக்காரத் துரை இன்னும் பங்களாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். நாங்களும் மூன்று வேளை மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு ஊதிக் கிடக்க மாட்டோம். என்ன செய்வது, அன்றைக்கு மச்சான் ரப்பர் காட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாயில் பெட்டைக்கோழி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அது கத்தாமல் இருக்க மூக்கைப் பொத்தினாராம். கோழிக்கு மூக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். காதைத் திருகினார். என் காதைத்தான்.

அதனால் மலாயாவைக் காப்பாற்றிய கதை என்னிடம் இல்லை. காளியம்மாவைக் காப்பாற்றிய கதை இருக்கிறது. காளியம்மா என் அக்கா. அப்பா அம்மா போன பிறகு, சீதனப் பாத்திரத்தோடு என்னையும் தூக்கிக்கொண்டுதான் அக்கா இந்தத் தோட்டத்துக்கு வாழ வந்தது. சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். மச்சானும் அக்காவும் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் இறக்குகிறவர்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரைக்கும் வாத்தியாரை வெட்டினவன்.

போன வருஷம், ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம், அக்காவுக்கு வலது மார்பில் ஒரு கட்டி. முதலில் புளியங்கொட்டை அளவு இருந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை. பால்வாளியைத் தூக்கும்போது தோள் இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு மச்சான்தான் கேட்டார். கேட்ட மறுநாளே சைக்கிளில் உட்கார வைத்து ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டார். ரோட்டில் ஆம்பளை தனியாகப் போனாலே லாரியில் ஏற்றி சயாமுக்கு அனுப்புகிற காலம். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் வேண்டாம் என்றார்கள். "அவ பின்னால உக்காந்திருக்கா, நான் எங்க தனியாப் போறேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம். புற்று. மார்பை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆளே போய்விடும். அக்கா வீட்டுக்கு வந்து மூலையில் சுருண்டுகொண்டது.

"மூளியா நிக்கிறதுக்கு, அதோடயே போயிர்றேன்."

மச்சான் சுளகில் கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னார். "ஏ காளி, உன்னைய எடை போட்டா நான் கட்டிக்கிட்டு வந்தேன்? குறையுதுன்னு திருப்பிக் குடுக்கறதுக்கு?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு அடைத்துக்கொண்டது. மறு வாரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது.

இந்த ஜப்பான் காலத்தில் துணி கிடையாது. ஆஸ்பத்திரியிலும் கட்டுத்துணி தீர்ந்துபோய், மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, வீட்டிலிருந்து வெள்ளைத்துணி கொண்டுவரச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் வெள்ளையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், மச்சானின் கல்யாண வேட்டி. தீபாவளிக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வந்து, அரை நாள் காற்று வாங்கிவிட்டு உள்ளே போய்விடும். அதை எடுத்து ஒரு சாண் அகலத்துக்கு டர் டர்ரென்று கிழித்தார். கட்டியிருந்த பழைய கைலியையும் கிழித்தார். பிறகு இடுப்பில் ஒரு உரச்சாக்கைச் சுற்றிக்கொண்டார். பின்பக்கம் சிவப்பாக வெள்ளைக்காரன் எழுத்து. தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி படித்துப் பார்த்து, "உரம், ஈரம் படாமல் வைக்கவும்னு போட்டிருக்குய்யா" என்றார். லயமே சிரித்தது. மச்சான் திரும்பிப் பின்பக்கத்தை எல்லாருக்கும் நன்றாகக் காட்டிவிட்டு நடந்தார்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணிகளைக் கொதிக்க வைத்து, துவைத்து, வாசலுக்கு நேரே கயிறு கட்டிக் காயப்போடுவது மச்சான் வேலை. அக்காவுக்குத் தலை சீவி முடிவதும் அவரே. அக்கா கை இடுப்புக்கு மேல் வரவில்லை. மச்சான் முடிந்த கொண்டை காலையில் ஒரு பக்கம் இருக்கும், மத்தியானம் வேறு பக்கம் போய்விடும்.

பைப்படியில் பக்கத்து லயத்துச் சீனிக்கு இதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"பத்துமலை அண்ணே, பொம்பளைத் துணியெல்லாம் தொவைக்கிறீங்க. அடுத்து பூ வைக்கிறதும் நீங்கதானா?"

"கெடைச்சா வைப்பேன்லா. உனக்கும் ரெண்டு முழம் எடுத்து வைக்கவா?"

சிரித்துக்கொண்டே சொன்னார், பிழிவதை நிறுத்தவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ரெண்டு நாள் கழித்துச் சீனி கட்டியிருந்த சாக்குக்குள் பூனைக்காலிச் சுணை எப்படியோ புகுந்துவிட்டது. ஒரு பகல் முழுக்கச் சொறிந்துகொண்டே ஓடைத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். தண்டனை சாமி கொடுத்தது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

இனித்தான் விஷயம். டாக்டர் அனுப்பும்போது ஒன்று சொல்லியிருந்தார். ஒரு மாதம் கழித்து வர வேண்டும். அக்குளில் புற்று முளைக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். அதற்குக் கை மேலே வர வேண்டும். கையைத் தூக்காமலே விட்டால் தோள் இறுகிக் கட்டையாகிவிடும், பிறகு டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. தினமும் சுவரைப் பார்த்து நின்று, விரலைச் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நடக்க விட வேண்டும்.

மச்சான் இதைக் கேட்டதும் முகம் தெளிந்துவிட்டது. "அட, இது நம்ம தொழிலு!"

மரம் வெட்டுகிறவர்கள் நாளைக்கு ஒரு இழை பட்டைதான் சீவலாம். மாதத்துக்கு எவ்வளவு பட்டை போகும் என்று முன்னாடியே மரத்தில் கோடு போட்டுவிடுவார்கள். அதே மாதிரி மச்சான் எங்கள் காம்பரா அறையின் பலகைச் சுவரில், அக்கா நெஞ்சு உயரத்திலிருந்து மேல் நோக்கி, முப்பது நாளுக்கு முப்பது கோடு கரியால் போட்டார். கோட்டுக்குக் கோடு ஒரு விரல் இடைவெளி. எல்லாக் கோடும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்திருந்தது. பால் வடிந்து மங்குக் கோப்பையில் விழுவதற்கு மரத்தில் அப்படித்தான் வெட்டுவார்கள்.

"செவுத்துலேர்ந்தும் பால் வடியப் போகுதா மச்சான்?"

"கை அப்படிப் பழகிப்போச்சு மாப்ளே. போடா அங்கிட்டு." பிறகு அக்காவைப் பார்த்தார். "மரத்துல கோடு தினமும் கீழ இறங்கும். உனக்கு மேல ஏறணும் காளி, அவ்ளோதான் வித்தியாசம்."

மரம் அழாது. அந்த வித்தியாசத்தை மச்சான் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் நாலு நாள் நாலு கோடு ஏறியது. அஞ்சாம் கோட்டுக்குக் கீழேயே விரல் நின்றுவிட்டது. மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாள் அக்கா நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு நெல் அளவு ஏறி, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டது. தலைக்கு மேலே இருபத்தாறு கோடு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தது.

"நான் ஆஸ்பத்திரிக்கு வரல. எனக்கு இது ஏறாது. விட்டுருங்க."

 மச்சான் மரவள்ளிக் காட்டுக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். போகிற முதுகைப் பார்த்தேன். உரச்சாக்கு எழுத்து கோணலாகப் போனது.

அன்று மத்தியானம் அக்கா கண்ணசந்தது. நான் ஈரத்துணியால் அஞ்சாம் கோட்டிலிருந்து மேலே உள்ள அத்தனையையும் துடைத்தேன். ஒரு பலகைத்துண்டை வைத்து, அரை விரல் இடைவெளியில், அதே இருபத்தாறு கோட்டையும் திரும்பப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் கூட நான் அவ்வளவு சுத்தமாக எதுவும் எழுதினதில்லை. உச்சிக்கோடு ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. சாயங்காலம் மச்சான் வந்தார், சுவரைப் பார்த்தார், கால் கழுவப் போய்விட்டார். ஆளுக்குக் கண் மங்கிப்போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அக்கா சுவர்முன் நின்றது. அஞ்சாம் கோடு தொட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அது சத்தம் போட்டுச் சிரித்தது. மச்சானும் சிரித்தார். "பாத்தியா? சொன்னேன்லா!" நானும் சிரித்தேன். ஊரையே ஏமாற்றியவன் சிரிக்கிற சிரிப்பு.

அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு கோடு. சில நாள் முக்கி முனகி, சில நாள் மச்சானைத் திட்டிக்கொண்டே. மச்சான் பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொள்வார். அக்கா கையை இறக்கின பிறகுதான் விடுவார்.

மாதம் முடிந்ததும் ஈப்போவுக்குப் புறப்பட்டோம். சைக்கிளுக்கு டயர் கிடையாது. ரப்பர் தோட்டத்துக்காரனுக்கு ரப்பர் டயர் கிடையாது, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரப்பர் ஷீட்டைச் சுருட்டி வளையத்தில் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தோம். ஏறி ஓட்டினால் குலுங்கும், அக்காவுக்கு வலிக்கும். அதனால் மச்சான் அக்காவை உட்கார வைத்து ஏழு மைலும் தள்ளிக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தேன். பாலத்தில் ஜப்பான் காவல்காரன் நின்றான். அவனைக் கும்பிட்டுக் குனியாமல் போனால் அறை விழும். அக்காவால் இறங்கிக் குனிய முடியாது. மச்சான் இடுப்பு மடங்கக் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். ஒன்று தனக்கு, ஒன்று அக்காவுக்கு. காவல்காரன் உரச்சாக்கை ரெண்டு தடவையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கையை ஆட்டினான்.

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தூக்கியது. காது வரைக்கும் வந்தது. காதையும் தாண்டி நெற்றி உயரத்துக்கு வந்து நடுங்கிக்கொண்டு நின்றது. டாக்டர் அக்குளில் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அந்த நேரத்தில் மச்சான் என் தோளைப் பிடித்த பிடி ஒரு வாரம் கன்றியிருந்தது.

"காயம் நல்லா ஆறியிருக்கு. அக்குள்ல இப்ப ஒண்ணும் தட்டுப்படல. மூணு மாசம் கழிச்சு வாங்க." பிறகு மச்சானைப் பார்த்தார். "யாரு கட்டுத்துணியெல்லாம் பாத்துக்கிட்டது?"

"நான்தாங்க."

"மிஸ்ஸியைவிட நல்லா செஞ்சிருக்கீங்க."

 திரும்புகிற வழியில் மச்சான், எதிரே வந்த ஒரு மாட்டுவண்டிக்காரரை நிறுத்தி, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரோம்" என்று அவர் கேட்காமலே சொன்னார்.

மறுநாள் காலையில் அக்கா வாசலுக்கு வந்து நின்று, ரெண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், பல்லைக் கடித்துக்கொண்டு தன் கொண்டையைத் தானே முடிந்தது. அது நேராக இருந்தது. குடத்தை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு பைப்படிக்குப் போனது. சீனி எழுந்து வழிவிட்டான்.

நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாப்ளே, கொஞ்சம் இங்க வா லா."

மச்சான் சுவர்முன் பால்கத்தியோடு நின்றார். கத்தி நுனியால் ஒரு கோட்டைத் தொட்டார். "இது யாரு போட்டது?"

"நீங்கதான் மச்சான்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். கீழே நாலு கோடு, நாலும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்திருந்தன. அதற்கு மேலே இருபத்தாறும் நூல் பிடித்த மாதிரி நேராகப் படுத்திருந்தன.

"பதினெட்டு வருசமா மரம் வெட்டுறேன். என் கை நேர்க்கோடு போடுமாடா?"

மெல்லக் கேட்டேன். "அன்னிக்கே தெரியுமா?"

"கால் கழுவப் போனேன்லா, சிரிப்பை அடக்க."

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மச்சான். தானா ஏறினதா நெனைச்சுக்கிட்டிருக்கு."

மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவளும் மரம் வெட்டுறவதான்டா. மறுநாள் காலைல எதைப் பாத்து அப்படிச் சிரிச்சான்னு நெனைச்ச? அழுதுக்கிட்டு நின்னவ, தம்பி போட்ட கோட்டைப் பாத்துத்தான் கையைத் தூக்கினா. இந்த வீட்ல விசயம் தெரியாத ஒரே ஆளு நீதான்."

பைப்படியிலிருந்து அக்கா குடத்தோடு வருகிற சத்தம் கேட்டது. மச்சான் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"மூணு மாசத்துக்குக் கோடு போடணும். நீயே போடு. இந்தத் தடவை சாய்ச்சுப் போடு. அப்புறம் அந்தச் சீனிப்பய பூனைக்காலி விசயம் பேசணும், உக்காரு."