சண்டைக்குச் சாட்சி

ராணுவ ராடார் நிலையத்தில் அவர் பதினாலு வருஷமாக ஏசி மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் ‘கம்ப்ரசர்’. சட்டென்று சூடாவார், சத்தம் போடுவார், ஆனால் ஓயாமல் உழைப்பார். உள்ளே நுழையப் பாதுகாப்புச் சான்று வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்க வேண்டும். அது போனால் வேலையும் போச்சு.

இந்தத் தடவை மாட்டிக்கொண்டார். போன தடவை படிவத்தில் ‘வெளிநாட்டில் உறவினர்’ என்ற இடத்தில் ‘யாருமில்லை’ என்று எழுதிவைத்திருந்தார், மகானுபாவர்! கூடப்பிறந்த தங்கை கடல்தாண்டி இருக்கிறாள். அவள் புருஷன் அந்த நாட்டுத் துறைமுகக் காவலில் அதிகாரி.

“ஏன் மறைச்சீங்க?” என்றார் சரிபார்ப்பு அதிகாரி.

“மறைக்கல சார். அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப எட்டிப் பார்க்கல அவ. அன்னைக்கே தலைமுழுகிட்டேன். ஒன்பது வருஷமா பேச்சே கிடையாது.”

“தலைமுழுகினா தங்கச்சி இல்லைன்னு ஆயிடுமா?”

அதிகாரி கோப்பைப் புரட்டினார். இருபத்திரண்டு வயதில், முதல் வேலையில், சூப்பர்வைசர் மேசைக் கண்ணாடியை ஸ்பேனரால் உடைத்து வேலை போன கதையை அவரே அரைப்பக்கம் எழுதியிருந்தார். “இதை விலாவாரியா எழுதத் தெரிஞ்சவருக்குத் தங்கச்சி மட்டும் மறந்துபோச்சா? அதான் இடிக்குது. தொடர்பு இல்லைன்னு தங்கச்சிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க.”

“பேசலைன்னு நிரூபிக்க அவகிட்டயே பேசணுமா? என்ன கூத்து சார் இது!”

மூன்று தடவை அலைந்து கத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. தங்கை நம்பர் கேட்டதற்கு மனைவி போனைப் பார்க்காமலே கடகடவென்று சொன்னாள். அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா?

“பொய் எழுத மாட்டேன்ணா,” என்றாள் தங்கை. “நீதான் பேசல. அண்ணி வாராவாரம் பேசறாங்களே.”

அவர் போனை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். வீடே அதிர்ந்தது. அவள் அசரவில்லை. “சண்டை உங்க ரெண்டு பேருக்கும். எனக்கும் அவளுக்கும் என்ன வந்துச்சு?”

இதையும் மறைத்தால் தொலைந்தோம் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னார்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். “ஒரே வீடு. வாராவாரம் போன். உங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னா எப்படிங்க நம்பறது?”

“சத்தியமா தெரியாது சார்! எத்தனை தடவைதான் சொல்றது?” அடுத்த அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அதிகாரி மனைவியிடம் கேட்டார். “நீங்க சொல்லுங்கம்மா. இவர்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா இப்படித்தான் சார் கத்துவார். பயம். எங்க பொண்ணு அத்தைகிட்ட பேசறப்ப வாசலைப் பார்த்துக்கிட்டேதான் பேசுவா. வண்டிச் சத்தம் கேட்டா பாதியிலயே வெச்சுடுவா.”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப நம்பறேன்,” என்றார் அதிகாரி. சொன்னதை அப்படியே எழுதினார்: ‘கணவரின் கோபத்துக்குப் பயந்து மனைவியும் மகளும் மறைத்திருக்கிறார்கள். அவருக்குத் தெரியாது என்பது நம்பத்தக்கது. சான்று வழங்கலாம்.’ தாளை அவர் பக்கம் தள்ளினார்.

“படிச்சுப் பார்த்து, உண்மைதான்னு கீழ கையெழுத்துப் போடுங்க.”

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். போட்டார்.