அப்பாவிடம் மிஞ்சிய ‘ரெவேர்’

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்க்கையை முறையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கருவடிக்குப்பத்தில் பிறந்த அப்பா, தம் தந்தையைச் சிறு வயதிலேயே இழந்து, டவுனில் ஒரு கோட் தைக்கும் கடையில் சேர்ந்தார். கோட்டின் முன்புறத்தில், கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் மடிந்து கிடக்குமே, அதை அந்தக் கடையில் ‘ரெவேர்’ என்பார்கள். அப்பாவுக்கும் கடைசிவரை அது ரெவேர்தான். யாராவது ஆங்கிலத்தில் ‘லேப்பல்’ என்றால் காதில் விழாதவர்போல் இருப்பார்.

நான் பள்ளியில் பிரெஞ்சு கற்பிப்பவள். அது பிரெஞ்சுச் சொல், ‘மறுபக்கம்’ என்று பொருள், துணியைத் திருப்பி மடித்தால் உள்பக்கம் வெளியே தெரிவதால் அந்தப் பெயர் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். கழுத்துவரை பொத்தான் போட்ட பழைய அங்கியை, புழுக்கம் தாங்காமல் திறந்து மடித்துவிட்டதில் வந்த வடிவம் என்பார்கள் என்றும் சொன்னேன்.

“அவன் காத்து வாங்கத் தொறந்து உட்டுட்டுப் போயிட்டான். அது படியறதுக்கு நான்தான உள்ள கேன்வாஸ் வெச்சித் தச்சிக்கினு கெடக்கறேன்” என்றார் அப்பா.

அப்படிப் பேசியவரைப் பக்கவாதம் சாய்த்தது. கதிர்காமம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது பேச்சு இல்லை. பழகிய பொருள்களைக் காட்டிப் பெயர் கேட்கச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர், செருப்பு, கத்தரிக்கோல், எதுவும் வரவில்லை. அவர் தைத்த கோட்டை மடியில் வைத்து, அந்த மடிப்பைத் தொட்டு, “இது என்னப்பா?” என்றேன்.

“ரெவேர்.”

அம்மாவும் நானும் அழுதுவிட்டோம். இனி எல்லாம் வந்துவிடும் என்று நம்பினோம். “நான் யாருப்பா?” என்று கேட்டேன். வெகுநேரம் உதடு அசைந்தது. அதே சொல்தான் வந்தது. தவறு என்று அவருக்கே தெரிந்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பேருதான் வரல. உன்னத் தெரியாமலா இருக்கும்? கேட்டுக் கேட்டு அவர நோகடிக்காத” என்றார் அம்மா. கேட்பதை விட்டேன், காத்திருந்தேன். அந்தச் சொல்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. யாரோ கடல் கடந்து கொண்டுவந்து போட்டது அவரிடம் நின்றது. அவரே ஆசையாக எனக்கு வைத்த பெயர் நிற்கவில்லை.

இறந்த அன்று காலை என் கையைப் பிடித்து, “ரெவேர்” என்றார். “என்னப்பா?” என்றேன். அந்தச் சொல் இல்லை என்று தலையசைத்தார்.

படுக்கையில் கிடந்தவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய மாமாவுக்கும், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அக்காவுக்கும், காரியங்களில் உடனிருந்த அனைவருக்கும் நன்றி. பேச்சு இருந்த நாளில் அப்பா என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தயவுசெய்து என்னை யாரும் அப்படிக் கூப்பிட வேண்டாம்.